ஓயாத கொட்டாவி: ஆக்சிஜன் குறைவா, வேறு ஏதாவதா?

கேள்வி
3.3.2024, காலை 10.40

வயது 43, ஆண். ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சில வாரங்களாகக் காலை பத்து மணிக்கே கொட்டாவி ஆரம்பித்துவிடுகிறது. ஒன்றோடு நிற்பதில்லை, அடுத்தடுத்து நாலைந்து. கண்ணில் தண்ணீர் வழிகிறது. முதலாளி எதிரில் நின்று பேசும்போதும் வருகிறது, அவர் ஒரு மாதிரி பார்க்கிறார். இரவு ஏழு மணி நேரம் படுக்கையில் இருக்கிறேன். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால்தான் கொட்டாவி வரும் என்கிறார் கூட வேலை பார்ப்பவர். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரில் 98 காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதா, நான் கெட்டுவிட்டேனா?

பதில்
3.3.2024, பகல் 1.15

கருவியை விடுங்கள், அது பாவம். 98 நல்ல அளவுதான்.

ஆக்சிஜன் குறைந்தால் கொட்டாவி என்பதை எல்லோருமே பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்போம். 1987-லேயே அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புரொவைன் என்பவர் மாணவர்களைச் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தார். கொட்டாவி குறையவில்லை. பிறகு கார்பன் டை ஆக்சைடு அதிகம் கலந்த காற்றைக் கொடுத்தார். மூச்சு வேகமாக ஓடியது, கொட்டாவி கூடவில்லை. அப்புறம் இன்னொன்று: வயிற்றில் இருக்கும் சிசு கொட்டாவி விடுவது ஸ்கேனில் தெரிகிறது. அது இருப்பது தண்ணீருக்குள். எந்தக் காற்றை இழுக்க வாயைத் திறக்கிறது?

நான் டாக்டர் இல்லை. ஈரோட்டில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். இதே ஆக்சிஜன் கதையை நம்பி "கொட்டாவியா வருதுங்க, ஒரு இரும்புச்சத்து டானிக் குடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. விற்றால் எனக்கு லாபம்தான். ஆனால் ஹீமோகுளோபின் பார்க்காமல் டானிக் குடித்தால் மலச்சிக்கல்தான் மிச்சம். ஆண்களுக்கு 13-க்குக் கீழ், பெண்களுக்கு 12-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. ரத்தசோகையில் வருவது அசதி, அந்த அசதியோடு கொட்டாவியும் வரலாம். முதலில் அளவைப் பாருங்கள்.

3.3.2024, இரவு 9.50

மதியம் கேட்க விட்டுப்போனது: சமீபத்தில் ஏதாவது புது மாத்திரை ஆரம்பித்தீர்களா? சளிக்கு, அரிப்புக்கு, பிரஷருக்கு, மனசுக்கு, எதுவாக இருந்தாலும். "சும்மா ஒரு மாத்திரைதான்" என்று நீங்கள் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கும் அந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

4.3.2024, காலை 7.30

இடையில் ஒருவர் "கொட்டாவி என்றால் தூக்கம், ஒரு மணி நேரம் கூடத் தூங்கினால் சரியாகிவிடும், இதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு" என்று எழுதியிருக்கிறார். பாதிப் பேருக்கு அது சரிதான். மீதிப் பாதியில் நானும் ஒருவன்.

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. தலைவலி வரும் முதல் நாள் மத்தியானமே கொட்டாவி தொடங்கிவிடும். தூக்கமே வராது, படுத்தாலும் வராது. கடையில் மாத்திரை அட்டைகளை எழுத்து வரிசைப்படி டிராயரில் அடுக்கிக்கொண்டிருப்பேன், தாடை தானாகத் திறந்துகொண்டே இருக்கும். பின்கழுத்து இறுகும். இனிப்பு ஏதாவது தின்ன வேண்டும் போல் இருக்கும். என் மனைவி பில் போட்டபடியே நிமிர்ந்து பார்த்து, "நாளைக்குக் கடையை யார் திறக்கிறது?" என்று கேட்பாள். மறுநாள் விடியும்போது இடது கண்ணுக்குப் பின்னால் இடி.

இதை நான் ரொம்ப காலம் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன். தூக்கம் கெட்டதால் கொட்டாவி, அதனால் தலைவலி என்று. தலைவலி மண்டையில் இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்து, சிலருக்கு இரண்டு நாள் முன்பிருந்தே, மூளையில் அது தொடங்கிவிடுகிறது என்று நரம்பியல் டாக்டர்தான் சொன்னார். கொட்டாவி, கழுத்து இறுக்கம், எரிச்சல், ஏதாவது தின்னும் ஆசை, அடிக்கடி சிறுநீர், எல்லாம் அந்த முன்கட்டத்தைச் சேர்ந்தவை. டோபமின் என்ற மூளை ரசாயனத்துக்கு இதில் பங்கு உண்டு என்கிறார்கள். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அபோமார்ஃபின் மருந்தும் டோபமின் வேலையைச் செய்வதுதான், அதைப் போட்டால் கொட்டாவி வரும்.

இப்போது கொட்டாவி தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதில்லை, தண்ணீர் குடிக்கிறேன், ராத்திரி ஸ்டாக் எடுக்கும் வேலையைத் தம்பி தலையில் கட்டிவிடுகிறேன். சில தடவை தலைவலி தப்புகிறது. சில தடவை தப்புவதில்லை.

4.3.2024, காலை 7.42

இதைத் தட்டச்சு செய்யும்போதே மூன்று விட்டுவிட்டேன். படிக்கிறவர்களும் விட்டிருப்பீர்கள். கொட்டாவியைப் பார்த்தால் மட்டுமல்ல, அதைப் பற்றிப் படித்தாலே வரும். நாய்க்குக்கூடத் தொற்றும்: லண்டனில் 2008-ல் நடந்த சோதனையில் 29 நாய்களில் 21, மனிதர் கொட்டாவி விட்டதைப் பார்த்துத் தானும் விட்டன. நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அவ்வளவாகத் தொற்றாது. வீட்டில் சோதித்துக்கொள்ளலாம்.

4.3.2024, இரவு 10.20

"ஏழு மணி நேரம் படுக்கையில் இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். படுக்கையில் இருப்பது வேறு, தூங்குவது வேறு. காலையில் நான் தூக்கத்தைக் கொஞ்சம் அவசரமாக ஒதுக்கிவிட்டேனோ என்று கடை மூடும்போது தோன்றியது. மச்சினன் ஞாபகம் வந்ததால்.

அவர் கோபிசெட்டிபாளையத்திலிருந்து பால் வண்டி ஓட்டுகிறவர். சட்டையின் மேல் பித்தானைப் போடவே முடியாது, அப்படிக் கழுத்து. குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். "நல்லா அசந்து தூங்கறதாலதான் குறட்டை வருது" என்பது அவர் கட்சி. பகலெல்லாம் கொட்டாவி. சிக்னலில் வண்டி நின்றால் தலை தொங்கும். என் தங்கை ஒரு ராத்திரி போனில் பதிவு செய்து அனுப்பினாள். கர்ர்ர் என்று ஏறி, திடீரென்று சத்தமே இல்லை. எனக்குத்தான் மூச்சு முட்டியது. அப்புறம் தண்ணீரில் முங்கி எழுந்தவரைப் போல ஒரு வாரி இழுப்பு. மறுபடி கர்ர்ர்.

தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழல் அடைபடுகிறது. ஆக்சிஜன் இறங்கியதும் மூளை உலுக்கி அரைகுறையாக எழுப்புகிறது. எழுந்தது காலையில் ஞாபகம் இருப்பதில்லை. தூக்கப் பரிசோதனையில் இது மணிக்கு எத்தனை தடவை என்று எண்ணுவார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை, முப்பதைத் தாண்டினால் கடுமை. அவருக்கு 38. இப்போது மூச்சுக்குழல் அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும், மூக்கில் மாட்டும் சிபேப் மிஷினோடு தூங்குகிறார். முதல் மாதம் அதைக் கழற்றி எறிந்து எறிந்து சண்டை. "யானை மாதிரி இருக்கேன்" என்று புலம்பல். இப்போது வெளியூர் போனாலும் பையில் முதலில் போவது அதுதான்.

ஆக, பகலில் விரலில் 98 காட்டுகிறவருக்கு ராத்திரி 80 ஆக இருக்கலாம். கூட வேலை பார்ப்பவரின் ஆக்சிஜன் கதைக்கு இந்த அளவுக்கு ஒரு சலுகை தரலாம். அப்போதும் நேரடிக் காரணம் உடைந்த தூக்கம்தான்.

எப்வொர்த் அளவுகோல் என்று எட்டுக் கேள்விகள் உண்டு. மெல்போர்னில் மர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991-ல் வெளியிட்டது. படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போகும்போது, மத்தியானம் படுத்தால், ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது, சாப்பிட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்தால், வண்டி போக்குவரத்தில் சில நிமிடம் நின்றால் என்று ஒவ்வொன்றிலும் கண் அசரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் டாக்டரிடம் போகலாம். மச்சினன் தனக்கு 6 போட்டுக்கொண்டார். தங்கை போட்ட மதிப்பெண் 17. பக்கத்தில் படுப்பவரைக் கேட்டுப் போடுங்கள்.

5.3.2024, பகல் 2.05

கேள்வி கேட்டவர் இன்னும் மாத்திரை விஷயத்துக்குப் பதில் சொல்லவில்லை. அதற்குள் கண்ணேறு பட்டால்தான் ஓயாமல் கொட்டாவி வரும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

என் அமுச்சி (அம்மாவின் அம்மா) யாருக்காவது உப்பு மிளகாய் சுற்றிப் போட்டால் பாதியிலேயே அவருக்குக் கொட்டாவி பிய்த்துக்கொண்டு வரும். "பாரு, எத்தனை கண்ணு பட்டிருக்கு" என்பார். எதிரில் நிற்கும் எங்களுக்கும் வரும், அது கூடுதல் சாட்சி. நான் அமுச்சியோடு வாதம் செய்ததில்லை. கொட்டாவி விட்டுவிட்டு வாய்க்கு முன்னால் சொடக்குப் போடுவதையும் அவரிடம்தான் கற்றேன், இன்றும் கை தானாகப் போடுகிறது. சுற்றிப் போடுவதில் ஒரு நஷ்டமும் இல்லை. சுற்றிப் போட்டாகிவிட்டது என்று டாக்டரிடம் போகாமல் இருந்தால்தான் நஷ்டம்.

கொட்டாவியை அடக்கக் கூடாது என்று ஒருவர் சித்த மருத்துவத்தை இழுத்திருக்கிறார். பதினான்கு வேகங்கள், அதாவது அடக்கக் கூடாத உடம்பின் உந்துதல்கள் என்ற பட்டியலில் கொட்டாவியும் இருக்கிறது, தும்மல், இருமல், பசி, தாகம் எல்லாம் அதில் உண்டு. முதலாளி எதிரில் அதை எப்படி அமல்படுத்துவது என்று பட்டியலில் இல்லை.

5.3.2024, இரவு 11.00

"கொட்டாவி மாரடைப்பின் அறிகுறி" என்ற வாட்ஸாப் செய்தியை ஒருவர் ஒட்டியிருக்கிறார். வேகஸ் நரம்பு, பெருந்தமனி என்று பெரிய பெரிய வார்த்தைகள். படித்துவிட்டு இன்று ராத்திரி எத்தனை பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுப்பார்களோ.

மூளையிலிருந்து இதயம், வயிறு வரை போகும் வேகஸ் நரம்புக்குச் சம்பந்தம் இருக்கிறது என்பது உண்மை. ரத்ததான முகாமில் கூடமாட வேலை செய்திருக்கிறேன். 350 மில்லி எடுத்து முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து ஜூஸ் குடிக்கும் பையன் திடீரென்று கொட்டாவி விட ஆரம்பித்தால் நர்ஸ் பாதிப் பேச்சில் ஓடி வருவார். முகம் வெளிறும், நெற்றியில் வியர்வை முத்து முத்தாகத் துளிர்க்கும், அப்புறம் சாய்ந்துவிடுவான். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குவதால் வரும் மயக்கம். அந்தக் கொட்டாவியைப் பார்த்ததும் படுக்கவைத்துக் காலைத் தூக்கிவிட்டால் பெரும்பாலும் மயங்காமல் தப்பிவிடுவான். ரத்ததானத்தில் மட்டுமல்ல, திருவிழாக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும்போதும் இதே கதைதான்.

ஆனால் மாதக்கணக்காக உட்கார்ந்த இடத்தில் வரும் கொட்டாவி மட்டும் மாரடைப்பு ஆகாது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் கொட்டாவி இருக்கிறதா இல்லையா என்று யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது ஆகியவற்றுக்கும் அதேதான். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

பக்கவாதம் என்றதும் ஒன்று. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் ஓடி வந்து, "அப்பாவுக்குக் கை வந்துருச்சுங்க, கொட்டாவி விட்டப்போ தானா மேல தூக்கினார்" என்றார். சந்தோஷத்தில் இனிப்பு வேறு. அது குணமான அடையாளம் அல்ல. செயலிழந்த கை கொட்டாவியின்போது மட்டும் தானாக எழும்புவது சிலருக்கு உண்டு, ஒலிவியே வாலூசின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார். மூளையின் மேல்பகுதியிலிருந்து கைக்கு வரும் பாதை அறுந்திருந்தாலும், கொட்டாவி பிறக்கும் அடிப்பகுதியிலிருந்து வரும் பழைய பாதை மிச்சமிருக்கிறது. நான் அன்றைக்கு அவரிடம் இதைச் சொல்லவில்லை. இனிப்பை வாங்கிக்கொண்டேன். பிசியோதெரபிஸ்ட்டிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

6.3.2024, காலை 8.10

மலைப்பாதையில் வண்டி ஏறும்போது பிள்ளை கொட்டாவி விடுவது வாந்தி வரப்போவதாலா என்று கேட்டவருக்கு: ஆமாம், வாந்திக்கு முன்னால் வரும் கொட்டாவிதான் அது. சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. பின் சீட்டில் வாயாடிக்கொண்டு வந்த பிள்ளை அமைதியாகி, கொட்டாவி விட்டால் உங்களுக்கு இரண்டு மூன்று வளைவு அவகாசம் இருக்கிறது. வண்டியை ஓரம் கட்டுங்கள். புறப்படும் முன் கொடுக்கும் வாந்தி மாத்திரையும் தூக்கத்தைத் தரும், அதனால் மாத்திரைக் கொட்டாவியா, மலைக் கொட்டாவியா என்று குழப்பம் வரும். வண்டி ஓட்டுகிறவர் அந்த மாத்திரையைப் போடவே கூடாது.

6.3.2024, பகல் 12.30

மூளையைக் குளிர வைக்கத்தான் கொட்டாவி என்கிறாரே ஒருவர், அதுவும் வெறும் கதை இல்லை. ஆண்ட்ரூ கேலப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2007-லிருந்து இதைச் சொல்லிவருகிறார். நெற்றியில் குளிர்ந்த துணி வைத்தவர்களுக்கும், மூக்கால் மட்டும் மூச்சுவிட்டவர்களுக்கும் தொற்றுக் கொட்டாவி குறைந்தது. அரிசோனாவில் தெருவில் போகிறவர்களிடம் கொட்டாவிப் படங்களைக் காட்டியபோது குளிர்காலத்தில் 45 சதவீதம் பேர் விட்டார்கள், கோடையில் 24 சதவீதம்தான். வெளிக்காற்று உடம்புச் சூட்டை எட்டிவிட்டால் அதை இழுத்து என்ன குளிர்ச்சி என்பது வாதம். எல்லா ஆராய்ச்சியாளர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. ஈரோட்டு ஏப்ரலில் எங்கள் கடைக்கு வந்து எண்ணினால் இந்த வாதம் தாங்குமா என்று எனக்கும் சந்தேகம்தான். ஈரத்துணி மட்டும் வேலை செய்கிறது, முதலாளியிடம் போகும் முன் முகம் கழுவிவிட்டு, வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள்.

6.3.2024, இரவு 9.15

கேள்வி கேட்டவர் வந்துவிட்டார். "ஜனவரி கடைசியிலிருந்து பதற்றத்துக்கு எஸ்சிடலோபிராம் 10 மி.கி. காலையில் போடுகிறேன். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது" என்கிறார்.

கூச்சம் எதற்கு? ஒரு நாளைக்கு அந்த மாத்திரையை நான் எத்தனை பேருக்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். அதோடு, மாத்திரையின் உள்தாளில் பக்க விளைவுகள் என்று பொடி எழுத்தில் இருக்கிறதே, அதில் கொட்டாவியும் ஒன்று. செரடோனின் என்ற மூளை ரசாயனத்தைக் கூட்டும் இந்த வகை மாத்திரைகள் பலவற்றில் அது உண்டு. தூக்கமே இல்லாமல் கொட்டாவி மட்டும் வரும், மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் கூடும். உங்களுக்குக் காலையில் மாத்திரை, பத்து மணிக்குக் கொட்டாவி.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரும், பழைய பதற்றமும் திரும்பி வரும். எழுதிக்கொடுத்த டாக்டரிடமே போய் "கொட்டாவி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நேரத்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா, வேறு மாத்திரையா என்பதை அவர் முடிவு செய்வார்.

பதற்றமே கொட்டாவி தரும் என்பதும் இருக்கிறது. மூச்சு முழுசாக இறங்காத மாதிரி தோன்றும், பெருமூச்சு விட்டு விட்டுக் கடைசியில் ஒரு கொட்டாவி விட்டால்தான் நிறைந்தது போல் இருக்கும். அதனால் மாத்திரைதான் குற்றவாளி என்று இப்போதே தீர்ப்பு எழுத முடியாது. பதற்றம் முதலா, மாத்திரை முதலா, கொட்டாவி எந்தத் தேதியில் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நேரில் உட்கார்ந்ததும் மறந்துவிடும்.

7.3.2024, காலை 6.50

இதைப் பொதுவில் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்கிறேன். சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கேட்டு வரும் இளவட்டங்களில் சிலர் மூக்கு ஒழுக, கை மயிர் சிலிர்த்து, நிமிடத்துக்கு நிமிடம் கொட்டாவி விட்டபடி நிற்பார்கள். காய்ச்சல் என்று நினைப்போம். ஓபியாய்டு எனும் அபின் வகை மாத்திரைக்கு அடிமையான உடம்பு அது கிடைக்காமல் தவிக்கும்போது இப்படித்தான் இருக்கும். மருத்துவர்கள் அந்தத் தவிப்பை அளக்கும் பட்டியலில் கொட்டாவிக்கென்றே தனி மதிப்பெண் உண்டு. வீட்டில் பையன் இப்படி இருந்தால் அடிக்காதீர்கள், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

9.3.2024, இரவு 8.40

கொட்டாவி விடும்போது வாய் மூடாமல் மாட்டிக்கொள்ளுமா என்று கேட்டவருக்கு: நடக்கும். எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர் நிச்சயதார்த்தப் பந்தலில் பெரிய கொட்டாவியாக விட்டார், வாய் மூடவே இல்லை. தாடை மூட்டு குழியிலிருந்து நழுவிவிட்டது. அவர் ஆ என்று நிற்க, மாப்பிள்ளை வீட்டார் ஏதோ ஆட்சேபம் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். கன்னத்தில் ஒரு அறை விட்டால் சரியாகும் என்று யாரோ கிளம்ப, நல்லவேளை பிடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைவிரல்களைக் கடைவாய்ப் பற்கள் மேல் வைத்துக் கீழேயும் பின்னாலேயும் அழுத்தி உட்கார வைத்தார். ஒரு தடவை நழுவியவர்கள் கொட்டாவி வரும்போது முகவாய்க்கட்டையின் கீழ் கையை முட்டுக் கொடுத்துக்கொள்வது நல்லது.

16.3.2024, இரவு 10.05

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: டாக்டர் தாளை வாங்கிப் படித்தாராம். கொட்டாவி மாத்திரைக்குப் பிறகுதான் என்பதால் மாத்திரையை இரவு நேரத்துக்கு மாற்றியிருக்கிறார், தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லியிருக்கிறார், இரண்டும் சரியாக இருக்கின்றன. கொட்டாவி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

நிற்காவிட்டால் அடுத்த முறை அதையும் சொல்லுங்கள். குறட்டை உண்டா என்று வீட்டில் கேட்கச் சொன்னேன், அதற்கு மட்டும் பதில் இல்லை. போனைத் தலைமாட்டில் வைத்து ஒரு ராத்திரி பதிவு செய்யுங்கள், செலவில்லாத வேலை.

16.3.2024, இரவு 10.20

"எனக்கும் அதே மாத்திரைதான், நானும் ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளட்டுமா" என்று கேட்டவருக்கு: உங்கள் சீட்டு வேறு. சிலருக்கு அதே மாத்திரை ராத்திரி போட்டால் தூக்கத்தைக் கெடுக்கும். எழுதிக்கொடுத்த டாக்டரிடமே போனில் கேளுங்கள்.

தலைசுற்றலோடு கொட்டாவி என்கிற அம்மாவுக்கு சர்க்கரை பார்க்க வேண்டும். நாளை ஞாயிறு, பல லேப் மூடியிருக்கும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் தலைசுற்றும் அந்த நேரத்திலேயே குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.